மலை எவ்வளவு நகர்ந்தது?

1. விரிசல்

கேரள மாநிலத்தில் இடுக்கி மாவட்டம் இருக்கிறது. அங்கே மூணாறு என்ற ஊர் இருக்கிறது. மூணாற்றைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். பல தலைமுறைகளுக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன.

அப்படி ஒரு தோட்டத்தில் பேச்சியம்மாள் கொழுந்து எடுக்கிறார். அவருக்கு வயது 52. அவர் லயத்தில் குடியிருக்கிறார். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு லயம் என்று பெயர். அந்த லயத்தில் 9 வீடுகள். மொத்தம் 34 பேர்.

லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவு.

ஜூலை மாதம். தென்மேற்குப் பருவமழை நான்கு நாட்களாக நிற்கவில்லை. ஒரு நாள் மழை சற்று ஓய்ந்தது. பேச்சியம்மாள் விறகு எடுக்க மேலே போனார். லயத்துக்கு மேலே மண்ணில் ஒரு விரிசல் ஓடுவதைப் பார்த்தார். வரப்பு வெடித்தது போல நீளமாக இருந்தது. அவருடைய உள்ளங்கை அகலம் இருந்தது.

கீழே வந்து எல்லோரிடமும் சொன்னார்.

"அது போன வருஷமும் இருந்துச்சு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"மழைக்கு மண்ணு வெடிக்கத்தான் செய்யும்" என்றார் இன்னொருவர்.

பேச்சியம்மாளுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவருக்குப் பெட்டிமுடி நினைவுக்கு வந்தது. பெட்டிமுடியும் மூணாறு பக்கம்தான். 2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு அங்கே மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. 70 பேர் இறந்தார்கள். அவர்களும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்தான்.

இந்த விரிசல் பழையதா? அல்லது இப்போது பெரிதாகி வருகிறதா? இதை எப்படித் தெரிந்துகொள்வது?

2. இரண்டு முளைகள்

மறுநாள் பேச்சியம்மாளின் அண்ணன் மகன் முருகேசன் வந்தான். அவன் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். தண்ணீர் பம்புக்கு வேண்டிய பாகங்களைச் செய்யும் பட்டறை அது.

"என்ன அத்தை, முகமே சரியில்லை?" என்று கேட்டான்.

பேச்சியம்மாள் விரிசலைப் பற்றிச் சொன்னார். "நேத்தைக்கு இன்னைக்கு அகலமா இருக்கிற மாதிரி தெரியுது. ஆனா நிச்சயமாச் சொல்ல முடியலை. கண்ணாலே பார்த்து எப்படிச் சொல்றது?"

"கண்ணு வேண்டாம் அத்தை. அளந்து பார்த்துருவோம்" என்றான் முருகேசன்.

அவன் இரண்டு இரும்பு முளைகளை எடுத்தான். ஒன்றை விரிசலுக்கு மேல் பக்கம் அடித்தான். மற்றொன்றைக் கீழ்ப் பக்கம் அடித்தான். இரண்டையும் ஆழமாக, அசையாதபடி அடித்தான். இரண்டு முளைகளின் தலையிலும் ஒரு சிறு கோடு போட்டான். பிறகு டேப்பை எடுத்தான். ஒரு கோட்டிலிருந்து மற்றொரு கோடு வரை அளந்தான். 640 மில்லிமீட்டர் இருந்தது.

"ஒரு சென்டிமீட்டருக்குள்ளே பத்துச் சின்னக் கோடு இருக்கு பாருங்க. ஒரு சின்னக் கோடுன்னா ஒரு மில்லிமீட்டர். தினமும் ஒரே நேரத்துலே அளங்க. தேதி போட்டு எழுதி வைங்க. ஒரு விஷயம், அத்தை. மழை கொட்டும்போது மேலே போகாதீங்க. தனியாவும் போகாதீங்க. விரிசலுக்குக் கீழ்ப் பக்கம் நிக்காதீங்க."

பேச்சியம்மாள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் எழுதத் தொடங்கினார்.

ஜூலை 14 – 640
ஜூலை 15 – 641
ஜூலை 16 – 643
ஜூலை 17 – 643
ஜூலை 18 – 648
ஜூலை 19 – 655

ஐந்து நாட்களில் 15 மில்லிமீட்டர். அதாவது ஒன்றரை சென்டிமீட்டர். இது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் நோட்டைப் பார்த்தால் தெரிகிறது. முதல் மூன்று நாட்களில் மொத்தம் 3 மில்லிமீட்டர்தான். அடுத்த ஒரே நாளில் 5. அதற்கு அடுத்த நாளில் 7.

விரிசல் பெரிதாகிறது. வேகமாகவும் பெரிதாகிறது.

3. நோட்டுப் புத்தகம் பேசியது

பேச்சியம்மாள் நோட்டை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து மெம்பரிடம் போனார். மெம்பர் அவரை வில்லேஜ் ஆபீசுக்கு அழைத்துப் போனார்.

"விரிசல் பெரிசாகுது" என்று வாயால் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. தேதியும் எண்ணும் எழுதியிருந்த நோட்டைக் காட்டியபோது அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று மாலையே 9 குடும்பங்களும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றப்பட்டன. மறுநாள் நிலவியல் அதிகாரி ஒருவர் வந்து சரிவைப் பார்த்தார். அவர் ஒரு பெண்மணி.

நல்ல வேளையாக மழை குறைந்தது. விரிசலும் நின்றது. அந்த ஆண்டு மலை சரியவில்லை. பத்து நாள் கழித்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

சிலர் முணுமுணுத்தார்கள். "ஒண்ணும் ஆகலையே! பத்து நாள் பள்ளிக்கூடத்துத் தரையிலே படுத்ததுதான் மிச்சம்" என்றார்கள்.

"ஒண்ணும் ஆகலைன்னு சந்தோஷப்படுங்க" என்றார் பேச்சியம்மாள். அவர் முளைகளைப் பிடுங்கவில்லை.

4. கருவி வந்தது

அடுத்த ஆண்டு மே மாதம். மழைக்காலம் தொடங்கவில்லை. நிலவியல் அதிகாரி மீண்டும் வந்தார். கூடவே ஒரு பெட்டியையும் கம்பிச் சுருளையும் கொண்டுவந்தார்.

"பேச்சியம்மா, நீங்க பகலிலே ஒரு தடவைதான் அளக்க முடியும். ராத்திரியிலே யார் அளப்பாங்க? கொட்டுற மழையிலே யார் மேலே போவாங்க? அதுக்குத்தான் இந்தக் கருவி" என்றார்.

இந்த மாதிரிக் கருவிக்குச் சென்சார் என்று பெயர். தமிழில் உணரி என்று சொல்லலாம். உணரிகளில் பல வகை உண்டு. சூட்டை உணர்பவை உண்டு. வெளிச்சத்தை உணர்பவை உண்டு. இது இடநகர்வை உணரும் வகை. ஒரு பொருள் நேர்கோட்டில் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று சொல்லும்.

விரிசலுக்கு மேல் பக்கம் கெட்டியான நிலம். அங்கே ஒரு கம்பத்தை நட்டார்கள். அதில் பெட்டியைப் பொருத்தினார்கள். பெட்டிக்குள் ஓர் உருளை இருந்தது. உருளையில் கம்பி சுற்றியிருந்தது. கம்பியின் முனையை இழுத்து வந்தார்கள். விரிசலுக்குக் கீழ்ப் பக்கம் அடித்த முளையில் கட்டினார்கள். உள்ளே இருக்கும் சுருள்வில் கம்பியைத் தொய்யாமல் பிடித்துக்கொண்டது.

கீழ்ப் பக்கத்து மண் நகர்ந்தால் முளையும் நகரும். முளை நகர்ந்தால் கம்பி இழுபடும். கம்பி இழுபட்டால் உருளை சுழலும்.

"உருளை சுத்தினது சரிங்கம்மா. அது எத்தனை மில்லிமீட்டர்னு பெட்டிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

"உங்க வீட்டிலே பழைய ரேடியோ இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும். அந்தத் திருகுக்குள் ஒரு பட்டை இருக்கிறது. மின்சாரம் அதன் வழியாக எளிதில் போக முடியாது. தடைபட்டுத்தான் போகும். அந்தப் பட்டையைத் தொட்டபடி ஒரு சிறு தகடு நகரும். தகடு எந்த இடத்தில் நிற்கிறதோ, அதற்கு ஏற்றபடி மின் அழுத்தம் கிடைக்கும். மின் அழுத்தத்தை வோல்ட் என்ற அளவால் குறிக்கிறோம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பட்டையின் நீளம் 100 மில்லிமீட்டர். அதன் இரு முனைகளுக்கும் 10 வோல்ட் மின்சாரம் கொடுக்கிறோம். தகடு தொடக்கத்தில் நின்றால் 0 வோல்ட். நடுவில் நின்றால் 5 வோல்ட். கடைசியில் நின்றால் 10 வோல்ட். 25 மில்லிமீட்டரில் நின்றால் இரண்டரை வோல்ட். அப்படியானால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. வோல்ட்டை அளந்தால் தூரம் தெரிந்துவிடும்.

மலைமேல் வைத்த பெட்டியிலும் இதே வேலைதான் நடக்கிறது. அங்கே பட்டை நேராக இல்லை. வளையமாக இருக்கிறது. உருளை சுழலும்போது தகடும் சுழல்கிறது. மின் அழுத்தம் மாறுகிறது. பெட்டி அதை மில்லிமீட்டராக மாற்றுகிறது. ஒரு வயர் வழியாக எண் கீழே வருகிறது. லயத்தின் சுவரில் மாட்டிய சிறு திரையில் தெரிகிறது.

30 மில்லிமீட்டர் ஆனால் சங்கு ஊதும்படி அமைத்தார்கள். பிறகு அதிகாரி எல்லோரையும் கூப்பிட்டு ஒன்று சொன்னார்.

"இந்தக் கருவி மலையைப் பிடிச்சு நிறுத்தாது. மலை நகருதுன்னு சொல்லும், அவ்வளவுதான். சங்கு ஊதட்டும்னு காத்திருக்காதீங்க. எண் வேகமா ஏறினாலே கிளம்பிடுங்க."

பேச்சியம்மாள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

5. தொடாமலே அளக்கும் உணரி

ஜூன் மாதத்தில் முருகேசன் மீண்டும் வந்தான். சுவரில் இருந்த திரையைப் பார்த்தான்.

"அட, எங்க பட்டறையிலேயும் இதுக்குத் தம்பி ஒண்ணு இருக்கு அத்தை" என்றான்.

"அங்கே எந்த மலை நகருது?" என்று சிரித்தார் பேச்சியம்மாள்.

முருகேசன் விளக்கினான். பம்பில் இரும்புத் தண்டு ஒன்று சுழல்கிறது. அதன் தடிமன் சரியாக இருக்க வேண்டும். தலைமுடித் தடிமன் அளவுக்கு வித்தியாசம் இருந்தாலும் பம்பு அதிரும், சூடாகும். அதை டேப்பால் அளக்க முடியாது. அங்கே வேறு வகை உணரியை வைத்திருக்கிறார்கள்.

அந்த உணரிக்குள் வரிசையாக மூன்று கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. நடுவில் ஒரு சுருள். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு சுருள். மூன்றின் நடுவே ஓர் இரும்புத் துண்டு முன்னும் பின்னும் நகரும். அது சுருள்களைத் தொடாது.

நடுச் சுருளில் மாறுமின்சாரம் ஓடுகிறது. அது காந்த சக்தியை உண்டாக்குகிறது. அந்தச் சக்தியால் இரு பக்கத்துச் சுருள்களிலும் மின்சாரம் தோன்றுகிறது. இரும்புத் துண்டு எந்தப் பக்கம் அதிகமாக இருக்கிறதோ, அந்தப் பக்கத்தில் மின்சாரம் அதிகமாகத் தோன்றும்.

இதைத் தராசு போல நினைத்துக்கொள்ளலாம். இரும்புத் துண்டு சரியாக நடுவில் இருந்தால் இரண்டு தட்டும் சமம். அப்போது கருவி 0 காட்டும். துண்டு வலப் பக்கம் நகர்ந்தால் வலத் தட்டு தாழும். இடப் பக்கம் நகர்ந்தால் இடத் தட்டு தாழும். எந்தத் தட்டு, எவ்வளவு தாழ்ந்தது என்று பார்த்தால் போதும். துண்டு எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும்.

தண்டை இந்தக் கருவிக்கு அடியில் வைத்தால் இரும்புத் துண்டு சிறிது மேலே ஏறும். அந்த ஏற்றத்தை அளந்து தடிமனைச் சொல்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்காக்கினால், அதில் ஒரு பங்கைக்கூட இது காட்டிவிடும்.

இதில் இன்னொரு நன்மை உண்டு. ரேடியோத் திருகு போன்ற உணரியில் தகடு பட்டையை உரசுகிறது. நாள்பட்டால் தேய்ந்துபோகும். இதில் எதுவும் எதையும் உரசுவதில்லை. அதனால் நெடுநாள் உழைக்கும்.

6. பெட்ரோல் பங்கில்

"எங்க பட்டறைக்கு எதிரே பெட்ரோல் பங்க் இருக்கு. அங்கேயும் ஓர் உணரி இருக்கு அத்தை" என்றான் முருகேசன்.

பெட்ரோல் பங்கில் தொட்டி தரைக்கு அடியில் இருக்கும். உள்ளே எவ்வளவு பெட்ரோல் மிச்சம் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. நீளமான கோலைத் தொட்டிக்குள் விட்டு எடுப்பார்கள். கோலில் எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். கிணற்றில் கயிறு விட்டுத் தண்ணீர் மட்டம் பார்ப்பது போலத்தான். இப்போது பல பங்குகளில் உணரியும் வைத்திருக்கிறார்கள்.

தொட்டிக்குள் செங்குத்தாக ஒரு குழாய் நிற்கிறது. குழாய்க்குள் ஒரு சிறப்பு உலோகக் கம்பி. குழாயைச் சுற்றி ஒரு மிதவை. மிதவைக்குள் காந்தம். பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும். பெட்ரோல் இறங்கினால் மிதவை இறங்கும்.

மேலேயிருந்து கம்பி வழியாக ஒரு சிறு மின் துடிப்பை அனுப்புகிறார்கள். அது காந்தம் இருக்கும் இடத்துக்கு வந்ததும் கம்பியில் ஓர் அதிர்வு உண்டாகிறது. அந்த அதிர்வு கம்பி வழியாக மேலே வருகிறது. நொடிக்குச் சுமார் 2,800 மீட்டர் வேகத்தில் வருகிறது. மிதவை மேலே இருந்தால் அதிர்வு சீக்கிரம் வரும். கீழே இருந்தால் சற்றுத் தாமதமாக வரும். அந்த நேரத்தைக் கணக்கிட்டால் மிதவை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும்.

எட்டிப் பார்க்க முடியாத கிணற்றில் கல்லைப் போடுகிறோம். சத்தம் வரும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணிக்கிறோம். அது போன்றதுதான் இது. ஆனால் இங்கே நேரம் மிகச் சிறியது. ஒரு நொடியை 1,000 கூறாக்குவோம். 1.4 மீட்டர் ஆழத்தில் மிதவை இருந்தால், அந்தக் கூறில் பாதி நேரத்தில் அதிர்வு வந்துவிடும்.

காந்தம் பட்டால் இரும்பின் நீளம் மிக மிகச் சிறிதளவு மாறும். இதை 1842-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஜூல் என்ற ஆங்கில அறிஞர் கண்டறிந்தார். அந்தக் குணத்தைத்தான் இந்தக் கம்பியில் பயன்படுத்துகிறார்கள்.

தொட்டியின் அடியில் தண்ணீர் சேர்ந்தாலும் கண்டுபிடிக்கலாம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. அது அடியில் தங்கும். பெட்ரோலில் மூழ்கி, தண்ணீரில் மிதக்கும்படி இரண்டாவது மிதவை ஒன்றையும் வைப்பார்கள். அது மேலே எழும்பினால் அடியில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்.

7. இன்னும் எங்கெல்லாம்?

இடநகர்வை அளக்கும் உணரிகள் நம்மைச் சுற்றிப் பல இடங்களில் வேலை செய்கின்றன.

அணைக்கட்டில்: மதகின் கதவு எவ்வளவு உயரம் திறந்திருக்கிறது என்று காட்டும். அதை வைத்து எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறது என்று கணக்கிடுவார்கள். ஆற்றங்கரையில் இருப்பவர்களை எச்சரிக்க அது உதவும்.

பிளாஸ்டிக் தொழிற்சாலையில்: வாளியும் குடமும் அச்சில் வார்க்கப்படுகின்றன. அச்சின் இரு பாதிகளும் எவ்வளவு நெருங்கின, உருகிய பிளாஸ்டிக்கைத் தள்ளும் தண்டு எவ்வளவு நகர்ந்தது என்று உணரி சொல்லும்.

மருத்துவமனையில்: நோயாளிக்கு மருந்தை மெதுவாகச் செலுத்தும் சிரிஞ்சு பம்பு இருக்கிறது. சிரிஞ்சின் தண்டு இருக்கும் இடத்தை உணரி கவனிக்கும். மருந்து தீரப்போவதை நர்சுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும்.

பாலத்தில்: வெயிலில் பாலம் நீள்கிறது. குளிரில் சுருங்குகிறது. இணைப்புகளில் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று உணரி அளக்கும்.

மலைச்சரிவில்: மூணாறு அந்தோணியார் காலனியில் 2005-ஆம் ஆண்டில் நிலச்சரிவு ஏற்பட்டது. பிறகு அந்தச் சரிவில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் பல வகை உணரிகளை மண்ணுக்குள் பதித்தார்கள். மண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தையும் மண்ணின் அசைவையும் அவை கவனிக்கின்றன.

8. கருவியும் தவறலாம்

ஒரு நாள் காலையில் திரை 0 காட்டியது. மதியம் 1 காட்டியது. மழையே இல்லை. பேச்சியம்மாள் பயந்துபோய் அதிகாரிக்குப் போன் செய்தார்.

"இன்னைக்கு நல்ல வெயிலா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஆமாங்கம்மா."

"வெயில் பட்டா எந்தக் கம்பியும் நீளும். சாதாரண இரும்புக் கம்பி பத்து மீட்டர் இருந்து, சூடு பத்து டிகிரி கூடினா, ஒரு மில்லிமீட்டருக்கு மேலே நீளும். அதனாலே நாம இன்வார்னு ஒரு கம்பி போட்டிருக்கோம். அது ரொம்பக் கொஞ்சமாத்தான் நீளும். அதனாலே இது வெயிலாலே வந்தது இல்லை. எதுவும் கம்பியைத் தொட்டிருக்கான்னு பாருங்க."

இன்வார் என்பது இரும்பும் நிக்கலும் சேர்ந்த கலவை. 1896-ஆம் ஆண்டில் கியோம் என்ற அறிஞர் இதைக் கண்டுபிடித்தார். 1920-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பேச்சியம்மாளும் பக்கத்து வீட்டுக்காரரும் மேலே போய்ப் பார்த்தார்கள். ஒரு பசு கம்பியைத் தாண்டியிருந்தது. குளம்பு பட்டு முளை சற்றுச் சாய்ந்திருந்தது. தகவல் தெரிந்ததும் அதிகாரி ஆள் அனுப்பி முளையை ஆழமாக அடிக்கச் சொன்னார். சுற்றிலும் வேலி போட்டார்கள்.

முளை ஆடினால் அளவு தவறும். பேட்டரி தீர்ந்தால் திரை அணையும். வயர் அறுந்தால் எண் வராது. ஆகவே கருவியையும் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த லயத்தில் பேச்சியம்மாள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். தினமும் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் எண்ணை நோட்டில் எழுதினார். காலையில் எழுதியதும் பொத்தானை அழுத்தித் திரையை 0 ஆக்குவார்.

9. மழை இரவு

ஆகஸ்ட் மாதம். மூன்று நாட்களாகப் பேய் மழை. அன்று பேச்சியம்மாள் ஒரு மணிக்கு ஒரு தடவை திரையைப் பார்த்தார். நோட்டில் இப்படி எழுதினார்.

காலை 6 மணி – 0
மாலை 6 மணி – 3
இரவு 8 மணி – 5
இரவு 9 மணி – 9
இரவு 10 மணி – 15

சங்கு ஊத வேண்டிய அளவு 30. இப்போது 15தான். பாதிதான். ஆனால் பேச்சியம்மாள் எண்ணை மட்டும் பார்க்கவில்லை. எண் ஏறிய வேகத்தையும் பார்த்தார். பகல் முழுவதும் 3. பிறகு இரண்டு மணி நேரத்தில் 2. பிறகு ஒரே மணி நேரத்தில் 4. அடுத்த மணி நேரத்தில் 6.

அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டினார்.

"சங்கு ஊதலையே?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ஊதுற வரைக்கும் நிக்கணுமா? நோட்டைப் பாருங்க!"

பக்கத்து வீட்டுக்காரர் டார்ச் வெளிச்சத்தில் நோட்டைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பிள்ளைகளை எழுப்பினார்.

பேச்சியம்மாள் அதிகாரிக்கும் மெம்பருக்கும் போன் செய்தார். எல்லோரும் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தார்கள். ஓடை ஓரமாகப் போகவில்லை. மேட்டுப் பாதையில் போனார்கள். பள்ளிக்கூட வாசலில் பேச்சியம்மாள் நோட்டைத் திறந்தார். அதில் 34 பேரின் பெயரும் எழுதியிருந்தது. ஒவ்வொரு பெயராகப் படித்தார். 33 பேர் பதில் சொன்னார்கள். காது கேளாத தாத்தா ஒருவரைக் காணவில்லை. நடுவழியில் ஆட்டுக்குட்டியை நினைத்துத் திரும்பிப் போயிருந்தார். இரண்டு இளைஞர்கள் ஓடினார்கள். பாதித் தூரத்திலேயே அவரைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். குட்டி அவர் தோளில் இருந்தது.

அவர்கள் பள்ளிக்கூடப் படியில் ஏறும்போது தூரத்தில் சங்கு ஊதியது.

நள்ளிரவுக்குப் பிறகு ஒரு பெரும் சத்தம் கேட்டது. பிறகு சங்கின் ஒலி நின்றுவிட்டது.

விடிந்தபோது லயத்தின் ஐந்து வீடுகள் மண்ணுக்கு அடியில் இருந்தன. பேச்சியம்மாளின் வீடும் அதில் ஒன்று. கம்பமும் பெட்டியும் மேலே அப்படியே நின்றன. கம்பி அறுந்து தொங்கியது.

34 பேரும் உயிருடன் இருந்தார்கள்.

வீடு போன ஐந்து குடும்பங்களுக்கும் மாற்று இடம் வேண்டும். அதற்காகப் பேச்சியம்மாள் ஒரு மனு எழுதினார். அதை அவரே தம் கையால் எழுதினார். மனுவோடு நோட்டின் நகலையும் இணைத்தார்.

நினைவில் கொள்வோம்

• நகர்வைக் கண்ணால் ஊகிக்கக் கூடாது. அளக்க வேண்டும். தேதியும் நேரமும் போட்டு எழுத வேண்டும்.
• ஓர் இடத்தை நிலையாக வைத்துக்கொண்டு, மற்றோர் இடம் அதிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்ப்பதே அளவு. முளையும் டேப்பும் செய்வது இதுதான். உணரி செய்வதும் இதுதான்.
• எண் எவ்வளவு என்பதைப் போலவே, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதும் முக்கியம்.
• எல்லா நிலச்சரிவும் விரிசல் காட்டிவிட்டு வராது. விரிசல் இல்லாவிட்டாலும், கனமழை எச்சரிக்கை வந்தால் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும்.
• மலைப்பகுதியில் புதிய விரிசல், சாயும் மரம், திடீரென்று கலங்கும் ஊற்று இவற்றைப் பார்த்தால் உடனே அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

புதிய சொற்கள்

உணரி – ஒரு மாற்றத்தை உணர்ந்து தெரிவிக்கும் கருவி, சென்சார்
இடநகர்வு – ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நகர்தல்
மின் அழுத்தம் – மின்சாரத்தைத் தள்ளும் விசை. வோல்ட் அளவில் சொல்கிறோம்
மிதவை – நீரிலோ எண்ணெயிலோ மிதக்கும் பொருள்

பதில் சொல்லுங்கள்

1. பேச்சியம்மாள் வாயால் சொன்னபோது யாரும் கேட்கவில்லை. நோட்டைக் காட்டியபோது ஏன் கேட்டார்கள்?
2. பட்டையின் நீளம் 100 மில்லிமீட்டர். மின் அழுத்தம் 10 வோல்ட். தகடு 60 மில்லிமீட்டரில் நின்றால் எத்தனை வோல்ட் கிடைக்கும்?
3. இரவு 10 மணிக்கு எண் 15தான். சங்கு ஊதும் வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
4. பட்டறை உணரி ஏன் நெடுநாள் தேயாமல் இருக்கிறது?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுச் சுவரிலோ, பள்ளிச் சுவரிலோ, கிணற்று மேடையிலோ விரிசல் இருக்கிறதா? அதன் இரு பக்கமும் பென்சிலால் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளங்கள். தேதி போட்டு எழுதுங்கள். மாதம் ஒரு முறை அளங்கள். எண் மாறாவிட்டால் விரிசல் நின்றுவிட்டது என்று அர்த்தம். எண் ஏறிக்கொண்டே போனால் கொத்தனாரிடமோ பொறியாளரிடமோ உங்கள் நோட்டைக் காட்டுங்கள்.